மேடை ஏறாத வண்டிக்குச் சீட்டு

மணலிப் பக்கம் ஒரு எடை மேடையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். டிரெய்லர் ஏறும், திரையில் எண் நிற்கும், லாரியின் காலி எடையைக் கழித்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன்.

2016 ஜூலை 1 முதல் இந்தச் சீட்டுக்கு மதிப்பு கூடிவிட்டது. எடையை உறுதி செய்யாத ஏற்றுமதிக் கன்டெய்னர் பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது அன்று வந்த உலகக் கடல் விதி. உத்தேசமாக எழுதுவதும் கூடாது. 2007இல் ஆங்கிலக் கால்வாயில் ‘எம்.எஸ்.சி. நெப்போலி’ என்ற கப்பல் உடைந்தது. அதன் மேல்தளத்தில் நனையாமல் இருந்த 660 பெட்டிகளை எடை போட்டார்கள். 137 பெட்டிகளில் சொன்ன எடைக்கும் இருந்த எடைக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம். மூன்று டன் என்றால் சுமார் மூன்று காலி குட்டி யானை வண்டியின் கனம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரைக்கும் எண்ணூர் விரைவுச்சாலையில் வண்டிகள் நிற்கிற நாட்களில் முதலாளி போன் செய்வார். “தம்பி, அந்த வண்டிய மேடை ஏத்தாத. இன்வாய்ஸ் எடையோட பெட்டி எடையக் கூட்டி அடிச்சுக் குடு.” மேடை ஏறாத வண்டிக்கு மேடைச் சீட்டு. சரி சார் என்று அடித்துவிடுவேன்.

மனசு உறுத்தும்போது பைபிள் வசனம் கைகொடுத்தது. வேலைக்காரர்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் ஆறில் பவுல் எழுதியிருக்கிறாரே. ராயபுரத்தில் ஆயா குடும்ப ஜெபத்தில் என்னை மனப்பாடமாகச் சொல்லவைத்த பகுதி அது. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் அடிமைகளைக் குறிக்கிறது என்று பிறகு ஒரு வேதபாட வகுப்பில் கேட்டேன். பி.எஃப். பிடித்தம் போகச் சம்பளம் வாங்குகிறவன், அடிமைக்கு எழுதியதை எடுத்துப் போர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன்!

அதைவிட வெட்கமானது ஒன்று. ஒரு நாள் இரவு ஷிப்டில் அந்த ஐந்தாம் வசனத்தைப் போனில் திறந்து முழுசாகப் படித்தேன். “கபடற்ற மனதோடும்” என்று அதற்குள்ளேயே இருக்கிறது. சின்ன வயதில் ஒரே மூச்சில் ஒப்பித்ததில் அந்தச் சொல் காதில் விழுந்ததே இல்லை. பொய்ச் சீட்டைக் கபடில்லாமல் எப்படி அடிப்பது? “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்கிற நீதிமொழி வரைக்கும் போகவே வேண்டாம். நான் ஒளிந்திருந்த வசனமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

முதலாளியிடம் சண்டை போடும் தைரியம் எனக்கு இல்லை. பைபிளில் வரும் தானியேல் ஞாபகம் வந்தார். ராஜாவின் சாப்பாடு வேண்டாம் என்பதற்கு அவர் கூச்சல் போடவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். நானும் கேட்டேன். “சார், பத்து நாள் எல்லா வண்டியையும் ஏத்தி எடை போடறேன். அப்புறம் நீங்களே பாருங்க.”

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். நாலாம் நாள், 24,300 கிலோ என்று காகிதம் சொன்ன பெட்டி மேடையில் 26,900 காட்டியது. டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “அதான் பிரேக் புடிக்க மாட்டேங்குது” என்றார். ஆனால் பத்து நாள் முடிவில் தானியேலுக்கு முகம் களையாக இருந்தது போல எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வரிசை நீண்டது. வாடிக்கையாக வந்த இரண்டு டிரான்ஸ்போர்ட்காரர்கள் வேறு மேடைக்குப் போய்விட்டார்கள். பதினோராம் நாள் முதலாளி, “உன் சாமி எனக்கு நஷ்டம் வெச்சிட்டாருடா” என்றார், கோபமில்லாமல்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்த மாதிரிச் சீட்டுகளை மட்டும் புதுப் பையனிடம் கொடுத்துவிட்டார். சபையில் ஒருவர் இதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் பையனுக்குச் சாப்ட்வேர் சொல்லிக்கொடுத்ததே நான்தான். போன் வந்ததும் அவன் என்னைப் பார்ப்பான். நான் நாற்காலியை விட்டு எழுந்து, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விடுகிறேன்.