பாதி தோசையோடு எழுந்த அக்கா

எடையைக் குறைக்க அக்கா மூன்று மாதமாக வாரம் ஒரு செமாகுளுடைடு ஊசி போட்டுக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி தோசையைத் தட்டில் வைத்துவிட்டு, "போதும்டா" என்று எழுந்துவிட்டாள். நாற்பது வருடத்தில் நான் பார்க்காத காட்சி!

இந்த ஊசி கொழுப்பைக் கரைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனின் வேலையைத்தான் அது செய்கிறது. நிஜ ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஊசி மருந்து ஒரு வாரம் தாங்கும். மூளையில் பசி அடங்கும், இரைப்பை மெதுவாகக் காலியாகும். அக்காவின் ஏப்பத்துக்கும் குமட்டலுக்கும் காரணம் இதுதான்.

இந்த மருந்தைச் சோதித்து 2021இல் வந்த ஸ்டெப் 1 என்ற ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. எடை இறங்கினால் உடம்பு பஞ்சம் வந்ததாக நினைத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியைக் குறைக்கும், பசியைக் கூட்டும். போதாததற்கு, கொழுப்போடு தசையும் கரையும்.

"வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு ஊசி ஒரு கேடா" என்கிறார் சித்தி. பதினைந்து வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்!

தசையைக் காப்பாற்ற அக்கா இப்போது தினமும் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடுகிறாள். அப்புறம் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பி, கைக்கு ஒன்றாகத் தூக்குகிறாள். மிச்ச தோசை என் தட்டுக்கு வருகிறது. எனக்கு இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.