ஒப்பரேசனுக்கு நாள் வைச்சாச்சு, ஆள் சாப்பிடுறாரோ?

ஒப்பரேசன் எண்டவுடன வீட்டுச்சனம் ரத்தம் குடுக்க ஆள் தேடும், ஸ்கான் ரிப்போட்டுக்கு ஓடும், நல்லூரில அர்ச்சனையும் செய்யும், ஆனா ஆள் இந்த ஆறு மாசத்தில எவ்வளவு மெலிஞ்சிட்டார் எண்டதை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லமாட்டினம். சேர்ஜரி வாட்டில நிக்கிற எனக்கு அதுதான் பெரிய கவலை.

குடல் ஒப்பரேசனுக்கு ஒரு அம்மா வந்தா. கையில மோதிரம் கழண்டு விழாமல் நூல் சுத்தியிருந்தா. "எப்பயம்மா நூல் சுத்தினீங்கள்?" எண்டு கேட்டன். "வருசப்பிறப்புக்குப் பிறகுதான் மோனை, சாப்பாடு இறங்குதில்லை." நாலு மாசத்துக்கு முந்தின கிளினிக் கொப்பியில 60 கிலோ, இப்ப 53. 3-6 மாசத்தில 10 வீதத்துக்கு மேல நிறை குறைஞ்சாலோ, பிஎம்ஐ, அதாவது உயரத்தோட ஒப்பிட்டுப் பாக்கிற நிறைக்கணக்கு, 18.5க்குக் கீழ எண்டாலோ நாங்கள் கட்டாயம் யோசிக்கோணும். மொத்தமான ஆக்களும் தசை கரைஞ்சு போய் இருப்பினம், பாத்தாத் தெரியாது.

உடம்பில புரதம் இல்லாட்டி தைச்ச குடல் ஒட்டாமல் கசியும், காயம் சீழ் பிடிக்கும். இது புதுக்கதையில்லை, 1936இலயே ஸ்ரட்லி எண்ட அமெரிக்க சேர்ஜன் வயித்துப்புண் ஒப்பரேசன் செய்த ஆக்களைப் பாத்து எழுதினவர், 20 வீதத்துக்கு மேல நிறை குறைஞ்சவையில மூண்டு பேருக்கு ஒராள் செத்திருக்கினம், மற்றவையில 100க்கு நாலு பேர்கூட இல்லை.

அந்த அம்மாவுக்கு டொக்டர் ரெண்டு கிழமை தள்ளி வைச்சார். மகளுக்குச் சரியான கோவம், நியாயம்தான், பயம்தானே. ஆனா மோசமா மெலிஞ்ச ஆளுக்கு 7-14 நாள் சாப்பாடு ஏத்திப்போட்டு வெட்டுறதுதான் நல்லது, கான்சர் எண்டாலும் அப்பிடித்தான். உடம்பு நிறையில ஒரு கிலோவுக்கு 1.2-1.5 கிராம் புரதம் வேணும், அவவுக்கு ஒரு நாளைக்கு 65-80 கிராம். வெறுங்கஞ்சியும் றஸ்கும் தேத்தண்ணியும் எங்க காணும்? ஒரு முட்டையில 6 கிராம்தான். கஞ்சிக்குள்ள பயறு போடுங்கோ, பால்மா கரைச்சு ஊத்துங்கோ, மீனை முள்ளெடுத்து மசிச்சுக் குடுங்கோ, கொஞ்சம் கொஞ்சமா ஆறேழு தரம். கிரந்தி எண்டு மீனையும் முட்டையையும் நிப்பாட்டிப்போடாதேங்கோ, தயவுசெய்து. விழுங்கவே ஏலாட்டி மூக்கால ரியூப் போடலாம். கிட்னி வருத்தம் இருந்தா டொக்டரைக் கேட்டுத்தான் கூட்டோணும்.

கனநாள் ஒண்டும் சாப்பிடாமல் கிடந்த ஆளுக்கு மட்டும் வீட்டில ஒரேயடியா ஊட்டாதேங்கோ. ரத்தத்தில பொஸ்பேற்று, பொட்டாசியம் எண்ட உப்புகள் சடாரெண்டு இறங்கி இதயத்தையே பாதிக்கும், அவைக்கு வாட்டில வைச்சு ரத்தம் செக் பண்ணிப் பண்ணித்தான் கூட்டுறது.

கிளினிக்குக்குப் போகேக்க பழைய கொப்பியளையும் கொண்டு போங்கோ, நிறை பாக்காட்டி நீங்களே கேளுங்கோ.