ரேகை விழாத விரல்கள்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டரில் இருக்கிறேன். எங்களிடம் வரும் வயதான பெண்களில் நிறையப் பேர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவர்கள். முந்திரிக்கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். பல வருடம் அதிலேயே கிடந்த விரலில் ரேகை தேய்ந்துபோகிறது. பி.எஃப். பென்ஷனாகப் பலருக்கும் வருவது மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டிய தொகைதான். அதற்கும் வருடம் ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். விரலை வைத்தால் மெஷின் ஆளைத் தெரியாது என்கிறது. துடைத்து வை, அழுத்தி வை, அடுத்த விரலை வை. அதுவும் ஆகவில்லையென்றால் கருவிழி, முகம் என்று வேறு வழி பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு ஆள் யாரென்று பிடிபடுவது அதில்தான்.

"எந்த இடம்மா?" என்று கேட்டால் ஊர்ப்பேரோடு யாரும் நிறுத்துவதில்லை. "பம்மம் கழிஞ்சு உள்ள போணும் மக்களே. வீட்டுப்பேரு சொன்னா ஆரும் காட்டித் தருவாவ." கோயில் பக்கமா என்று நான் தப்பாகச் சொல்லிப் பார்ப்பேன். "கோயிலா? அது கெழக்கல்லா. எனக்க வீடு மேக்க." இப்படி உடனே திருத்துகிறவர் மேல் எனக்குச் சந்தேகமே வராது. மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்தான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார். பாட்டியின் பணத்தை எடுக்க ஒரு பையன் வந்தான். பிறந்த தேதி, கணக்கு எண் எல்லாம் நுனிநாக்கில். கண் ஆபரேஷன் எப்படி ஆச்சு என்று சும்மா கேட்டேன். "முடிஞ்சு சார், சுகமாச்சு." கத்தி வைக்கப் பயந்து ஆபரேஷனே வேண்டாமென்று இருப்பதாக முந்தின வாரம்தான் பாட்டி என்னிடம் சொல்லியிருந்தார். சரி, அவரையே கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பினேன். அப்புறம் அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை.

வடமாவட்டத்திலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிகள் இங்கே முதலில் திகைப்பது மலையாளக் கையெழுத்தைப் பார்த்துத்தான். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேரும்வரை இந்தப் பகுதி முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அதற்கு முன்பு பள்ளிக்கூடம் போனவர்களில் சிலர் இன்றும் மலையாளத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். பேசுவதென்னவோ நம் தமிழ்தான்.

இந்த விசாரிப்பில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. "ஆருக்க மோன்?" என்று தொடங்கி, எந்த விளை, எந்தச் சபை என்று நாலாவது கேள்வியில் சாதியில் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவருக்கு அது குசலம், பதில் சொல்பவருக்குப் பல நேரம் அப்படி இல்லை. கவுண்டரில் நான் ஊர், வழி, உடம்பு இவற்றோடு நிறுத்திக்கொள்வேன்.

சொந்தபந்தமும் வீட்டுப்பேரும் இங்கே இல்லாதவர்கள் பாடுதான் கஷ்டம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் அசாம்காரர் ஒருவர் கணக்கு தொடங்க வந்தார். புதிதாக வந்த ஊழியர் இந்தியில் ஆரம்பித்ததும், "தமிழே மதி சாரே, எனக்க பிள்ள இங்க ஸ்கூல்ல படிக்கு" என்றார். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை என்று தோட்டத்துக் கதை முழுக்கச் சொன்னார். ஆதாரில் ஊர் அசாம்தான். இங்கத்திய முகவரிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். வாடகைச் சீட்டு இல்லை, கரண்ட் பில் முதலாளி பெயரில். முதலாளியிடமிருந்து ஒரு கடிதமாவது வாங்கி வரச் சொன்னேன். தருவாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை.