கோட்டை வாசலிலிருந்து உவர்மலை வரை: திருகோணமலையில் ஒரு நாள் நடை

நேற்று இரவு பத்தரைக்குத்தான் மட்டக்களப்பில் வந்து இறங்கினோம். கால் இரண்டும் இன்னும் கனக்கிறது. ஆறப்போட்டால் பாதி மறந்துவிடும் என்பதால் இன்றைக்கே எழுதுகிறேன்.

திருகோணமலை என்றால் எல்லாரும் நிலாவெளிக்குக் குளிக்கத்தான் போவார்கள். நாங்கள் போனது அரசாங்கக் கட்டடங்களைப் பார்க்க. மகன் தரம் 10. குடியியற் கல்விப் பாடத்தில் மாகாண சபை வருகிறது. "கிழக்கு மாகாணத்துக்குத் தலைநகர் திருகோணமலை எண்டு பாடமாக்கிட்டன். அங்க என்னம்மா கிடக்கு?" என்று கேட்டான். எனக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு தெரியாமல் இருப்பது சரியில்லை, லீவுக்குள் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம்.

முதலில் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியப்புறம் ஏறிய தனியார் பஸ்ஸில் இருக்கை இருக்கிறது என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். உள்ளே போனால் நடுவழியில் அரிசி மூட்டை. வாகரை தாண்டும்வரை நான் ஒற்றைக் காலில் நின்றேன். மீதிக் காசு எண்பது ரூபாய், "இறங்கேக்க தாறன் அக்கா" என்றார் கண்டக்டர். இறங்கும்போது ஆளையே காணவில்லை. எண்பது ரூபாய்க்கு இரண்டு பிளேன்டீ வராவிட்டாலும் ஒன்றாவது வரும். இனி சில்லறை இல்லாமல் ஏறமாட்டேன், நீங்களும் ஏறாதீர்கள். கிண்ணியாப் பாலத்தில் மட்டும் கோபம் தணிந்தது. 2009இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தைப் படகுப் பாதையில்தான் கடந்தோம். மகனுக்கு அது கதை, எனக்கு நினைவு.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஓட்டோக்காரர் ஒருவர் "உவர்மலைக்கு எண்ணூறு" என்றார். மீட்டர் போடச் சொன்னால் மீட்டர் பழுதாம். அந்த எண்ணூறு எங்கள் இருவரின் மத்தியானச் சாப்பாட்டுக் காசு. நடந்தோம். நடந்ததுதான் நல்லதாய்ப் போயிற்று. இந்த ஊர் இரண்டு கடலுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. கிழக்கே கோட்டைப் பக்கக் கடல், மேற்கே உட்துறைமுகம். ஒரு கடலிலிருந்து மற்றக் கடலுக்கு நடந்தே போய்விடலாம். ஆட்சி செய்தவர்கள் எல்லாரும் தங்கள் கந்தோர்களை இதற்குள்தான் கட்டியிருக்கிறார்கள். கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப் போனதுதான்.

காளி கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே கோட்டைக்குப் போனோம். 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கல்லையே எடுத்துக் கட்டியது. பிறகு ஒல்லாந்தர், இடையில் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள்தான். இன்றைக்கும் உள்ளே இராணுவம் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் சனம் எல்லாம் விறுவிறென்று வாசலைத் தாண்டிப் போகிறது. நீங்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். வாசல் கல்லில் இரண்டு மீன் செதுக்கியிருக்கிறது, பாண்டியர் சின்னம். பக்கத்தில் தமிழ் எழுத்து. கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் பாட்டின் துண்டு அது. எழுத்து பாதி சிதைந்துவிட்டது. மகன் விரலைக் கல்லில் படாமல் காற்றில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தான். இரண்டு ஓட்டோ, ஒரு வான், ஒரு புள்ளிமான் எங்களை உரசிக்கொண்டு போயின. அந்த மான் ஒரு பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு போனது. பார்க்கப் பொறுக்கவில்லை. தயவுசெய்து அங்கே பையைப் போடாதீர்கள்.

கோட்டையிலிருந்து திரும்பி, கடற்படை அருங்காட்சியகமாகிவிட்ட ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்தோம். தடித்த சுவர், உயரத் தூண். நேரம் பத்தரை ஆகிவிட்டது. கச்சான் காற்று வேறு அனல் மாதிரி அடித்தது. உள்ளே போகவில்லை.

அப்புறம் உட்துறைமுகப் பக்கம் கச்சேரி. இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: எங்கள் ஊரில் கச்சேரி என்றால் பாட்டு அல்ல, மாவட்டச் செயலகம். ஆங்கிலேயர் காலத்தில் கச்சேரியை நடத்திய அரசாங்க ஏஜென்டின் இடத்தில் இப்போது அரசாங்க அதிபர். வாசலில் சனம் நிறைந்திருந்தது. காணிப் பத்திரத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அம்மா நின்றார். மூதூரிலிருந்து மூன்றாவது தடவை வருகிறாராம். அரசாங்கம் என்றால் என்ன என்று மகனுக்குப் பாடப் புத்தகம் சொன்னதைவிட அந்த உறை அதிகம் சொல்லியிருக்கும். வழியில் ஒரு அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் தமிழில் இரண்டு எழுத்துப் பிழை. சிங்களத்தில் ஒன்றும் பிழையில்லை என்று, வாசிக்கத் தெரிந்த கடைக்காரர் சொன்னார். தமிழர் பெரும்பான்மையாக நடமாடும் தெருவில் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மாகாண சபைக் கட்டடத்தைப் பார்க்கத்தான் வந்தோம். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்தில் பிறந்தவை இந்தச் சபைகள். 1988இல் வடக்கும் கிழக்கும் ஒன்றாக இருந்தபோதும் தலைநகர் இதுதான். 2007இல் இரண்டாகப் பிரிந்தது. 2008இல் கிழக்குக்குத் தனியாகத் தேர்தல், 2012இல் இரண்டாவது. 37 உறுப்பினர். 2017 செப்டம்பரோடு காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை.

"அப்ப இதுக்குள்ள இப்ப ஆர் இருக்காங்க?" என்று கேட்டான்.

வாசலுக்கு எதிரே மர நிழலில் நின்று அவனுக்கு விளங்கப்படுத்தினேன். 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் போட்டார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லை பிரிக்க வேண்டும். பிரித்த அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறையும் போய்விட்டது, புதியதும் முடியவில்லை. உத்தியோகத்தர்கள் வேலை செய்கிறார்கள், சம்பளம் போகிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது. நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ஆள் மட்டும் உள்ளே இல்லை. கோட்டையைக் கட்டியவனையும் நாங்கள் தெரிவுசெய்யவில்லை, கச்சேரியை நடத்தியவனையும் தெரிவுசெய்யவில்லை. இந்த ஒரு கட்டடம்தான் எங்கள் வாக்கில் நிரம்ப வேண்டியது. எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது.

சரி, பசி. பக்கத்துச் சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. சூரை மீன் குழம்பு, முருங்கையிலை வறை, பருப்பு, பொரித்த மிளகாய், கேட்கக் கேட்கச் சொதி. குழம்பில் கொறுக்காய்ப் புளி தூக்கலாக இருந்தது, சோறு முழுக்கச் சிவப்பாகிவிட்டது. "மகன், இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார் கடைக்கார அம்மா. இரண்டு பேருக்கும் எழுநூறு ரூபாய். இந்தப் பயணத்தில் கொடுத்த ஒவ்வொரு ரூபாயிலும் மனம் நிறைந்து கொடுத்தது அதுதான்.

வெயில் சாய்ந்த பிறகு உவர்மலை ஏறினோம். ஆளுநர் செயலகம் அங்கேதான். ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. சபை இல்லாத இந்தக் காலம் முழுக்க மாகாணத்தின் கையெழுத்து அங்கிருந்துதான் வருகிறது. மகன் பலகையை வாசித்துக் கொப்பியில் எழுதிக்கொண்டான். திரும்பி வர ஓட்டோவுக்கு முந்நூறு கேட்டார் ஒரு தம்பி, பேரம் பேசாமல் ஏறினேன்.

போகிறவர்கள் கிழமை நாளில் போங்கள், சனி ஞாயிறு கச்சேரி பூட்டிக் கிடக்கும். எட்டு மணிக்கே கோட்டையில் நில்லுங்கள், பதினொன்றுக்குப் பிறகு நிழல் தேட வேண்டும். கடற்படை, இராணுவ இடங்களில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தண்ணீர் இரண்டு போத்தல். பஸ்ஸுக்குச் சில்லறை.