இயங்குதளம் மாற்றிய பின் எவற்றை ஏற்றுவது? தமிழ்க் கோப்புகள் வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்

விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொவ்ற் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்ட பின்னர், பழைய கணினிகளைக் கடையில் கொடுத்து இயங்குதளத்தை மாற்றுவோர் என்னைச் சுற்றிலும் கூடிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் கொடுத்தாலும், திருப்பி வாங்கும்போது கேட்கும் வாசகம் ஒன்றுதான்: "எல்லாம் போட்டு விட்டிருக்கிறன் அண்ணை." அந்த "எல்லாம்" என்பதற்குள் பெரும்பாலும் விஎல்சி, வின்ரார், ஒரு பிடிஎஃப் வாசிப்பான், ஆங்கில எழுத்து விசைகளுக்குத் தமிழ் வடிவம் தரும் பழைய பாமினி எழுத்துரு, கணினியைச் "சுத்தம்" செய்யும் ஏதோவொரு மென்பொருள் ஆகியன அடங்கும். இவற்றில் எதை வைத்திருக்கலாம், எதை அகற்றலாம் என்று உறவினர்கள் கேட்பதால், என் கணினியில் நான் வைத்திருப்பவற்றைப் பற்றி விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சிறந்த இலவச மென்பொருள்கள் என்று இணையத்தில் வரும் பட்டியல்கள் வேகத்தையும் தோற்றத்தையும் பார்க்கின்றனவே தவிர, தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றைக் கொடுத்தால் அந்த மென்பொருள் என்ன செய்யும் என்பதைப் பார்ப்பதில்லை. எனக்கோ அதுதான் முதற் சோதனை. வீட்டில் இருப்பவை கோயில் திருவிழாக்களில் பதிந்த நாதஸ்வர, தவில் ஒலிநாடாக்கள், கலியாண வீடுகளினதும் சாமத்திய வீடுகளினதும் வீடியோ இறுவட்டுகள், பாமினியில் தட்டச்சுச் செய்த பழைய கடிதங்கள் ஆகியவையே. இவற்றைத் திறக்கவும் தேடவும் ஒழுங்கு செய்யவும் உதவாத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அதனால் பயனில்லை.

முதலில் வின்அம்ப். 1997இல் ஜஸ்டின் பிராங்கலும் டிமிட்ரி போல்டிரெவும் வெளியிட்ட இந்தச் சிறு இசைப்பான், இதன் உரிமையாளரான நல்சொவ்ற் நிறுவனத்தை 1999இல் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் வாங்கியதன் பின்னரும் பல ஆண்டுகள் உலகெங்கும் கோலோச்சியது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்த பின்னர் கொழும்பிலிருந்து எம்பி3 இறுவட்டுகள் தாராளமாக வரத் தொடங்கிய காலத்தில், இங்கே பாட்டுக் கேட்பதற்கென்று கணினியில் இருந்தது பெரும்பாலும் அதுதான். அதன் தோற்றத்தை மாற்றும் "ஸ்கின்" என்பது பார்வைக்கு ஏதோ தனி வகைக் கோப்புப் போலத் தெரிந்தாலும், உண்மையில் அது பெயர் மாற்றிய ஒரு ஸிப் கோப்பு மட்டுமே. அதை விரித்துப் பார்த்தால் பொத்தான்களின் படங்களோடு, பாட்டுப் பட்டியலின் நிறங்களையும் எழுத்துருவையும் குறிக்கும் சிறிய உரைக்கோப்பு ஒன்றும் இருக்கும். அந்தக் கோப்பில் எழுத்துரு என்ற வரியில் ஏரியல் என்றிருப்பதை அழித்துப் பாமினி என்று எழுதி, மீண்டும் சுருக்கிப் பழைய பெயரையே இட்டுவிட்டால், அதுவரை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடந்த பாட்டுப் பெயர்கள் தமிழாக மாறிவிடும். பாமினியில் அரைப்புள்ளி விசையே மெய்யெழுத்தின் புள்ளி என்பதால்தான் அந்தக் குழப்பத்தில் அத்தனை அரைப்புள்ளிகள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அதே பட்டியலில் ஆங்கிலப் பாட்டு ஒன்று இருந்தால் அதன் பெயர் எவராலும் வாசிக்க முடியாத தமிழாகிவிடும். மேலே ஓடும் தலைப்புப் பட்டையின் எழுத்துகள் படமாகவே வரையப்பட்டவை என்பதால் அங்கே மட்டும் பழைய குழப்பம் அப்படியே இருக்கும்.

இப்போது வின்அம்ப் எனக்குத் தேவைப்படுவதில்லை. உரிமை பலமுறை கைமாறி, 2024 செப்டெம்பரில் மூலநிரலையும் பொதுவில் வைத்துவிட்டு அடுத்த மாதமே அதை அகற்றிக்கொண்டார்கள். ஆயினும் அந்தக் காலத்துக் கோப்புகள் இன்னமும் நம்மிடம் இருப்பதால், அவற்றின் உள்ளே இருக்கும் பெயர்களைத் திருத்துவது அவசியம். எம்பி3 கோப்பின் இறுதி 128 பைட்டுகளில் பாட்டின் விபரத்தை எழுதிவைப்பதே பழைய முறை; அதில் பாட்டின் பெயருக்குக் கிடைப்பது 30 பைட்டுகள். ஒருங்குறியை (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டை) எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கும். "யாழ்ப்பாணம்" என்ற பெயரில் உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்தால் பதினொரு குறியீடுகள், அதாவது 33 பைட்டுகள். ஊரின் பெயரைத் திணித்தாலே இடம் போதாது. பின்னர் வந்த இரண்டாம் தலைமுறை முறையில் இந்தத் தடை இல்லை, ஒருங்குறியும் எழுதலாம். நான் இதற்குப் பயன்படுத்துவது எம்பி3டேக் என்ற மென்பொருளை. கோப்பின் பெயரை ஒழுங்காகத் தமிழில் வைத்திருந்தால், அதிலிருந்தே கலைஞர், உருப்படி, இராகம் என்று பிரித்து ஒரு கோப்புறை முழுவதற்கும் ஒரே தடவையில் எழுதிவிடும்.

வீடியோவுக்கு விஎல்சிதான். 1996இல் பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் மாணவர்கள் தொடங்கிய வேலை அது; 2001இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது; அதன் சின்னமான செம்மஞ்சள் வீதிக் கூம்பை இன்று அறியாதவர் இல்லை. நமக்கு அது முக்கியமாவதற்குக் காரணம் வேறு. கலியாண வீடியோக்காரர்கள் ஒரு காலத்தில் தந்த வீடியோ சீடிகளில் இருப்பது டிஏடி என்ற பின்னொட்டுடைய எம்பெக்-1 கோப்பு. படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள் மாத்திரமே. அந்தப் பின்னொட்டைக் கண்டதும் மற்ற வீடியோ மென்பொருள்கள் தயங்கும், விஎல்சி தயங்காது. டிவிடி இயக்கும் வசதியை விண்டோஸ் 8இலேயே மைக்ரோசொவ்ற் எடுத்துவிட்டதால், 2012இற்குப் பின் வந்த கணினிகளில் டிவிடி பார்க்கவும் இதுவே கைகொடுக்கிறது. ஒலி, ஒளிக் கோப்புகளை விரித்துக் காட்ட உதவும் கோடெக் பொதிகளைத் தனியாகத் தேடி ஏற்றும் பழக்கம் சிலரிடம் இன்னமும் இருக்கிறது; விஎல்சி தனக்குத் தேவையான கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் அந்த வேலை வீண்.

படத்தின் கீழே வரும் தமிழ்த் துணையுரைகள்தான் (சப்டைட்டில்) விஎல்சியில் நீண்டகாலம் தொல்லையாக இருந்தன. பழைய பதிப்புகளில் கொம்பு தன் மெய்யெழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இப்போதைய பதிப்பிலும் கட்டங்களோ கேள்விக்குறிகளோ தெரிந்தால், விருப்பத்தேர்வுகளில் துணையுரைப் பகுதிக்குச் சென்று எழுத்துருவை நிர்மலா யூஐ என்றும், எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்றும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உரை பேச்சுக்கு முந்தியோ பிந்தியோ வந்தால் ஜி, எச் விசைகளால் சிறிது சிறிதாக நகர்த்திக்கொள்ளலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளோடு படம் பார்க்கும்போது இந்த இரண்டு விசைகளின் அருமை விளங்கும்.

ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவதற்கு ஓடாசிட்டி. 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்த இது ஆரம்பத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து வேலை. அறுபது நிமிட நாடா ஒன்றை இறுவட்டுத் தரத்தில் பதிந்தால் ஏறத்தாழ 635 மெகாபைட் வரும். ஓடாசிட்டி தன்னுள் 32 பிட்டாக வைத்திருப்பதால் வேலை நடக்கும்போது அதைப்போல இரு மடங்கு இடம் வேண்டும். பழைய கணினிகளில் வன்தட்டு நிரம்பிப் பதிவு நடுவில் நின்றுபோவது இதனால்தான். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் பிரதியின் பிரதியாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நாடாவின் இரைச்சல் பழகிப்போனதுதான். ஆனாலும் அதைக் குறைக்கும் வசதியைக் கண்டவுடன் முழுதாக முடுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்களில் மாட்டிய கூடுகள் விழும் கூர்மையும் இரைச்சலும் ஒரே அதிர்வெண் பகுதியில் இருப்பதால், இரைச்சலோடு சேர்ந்து அடியும் மழுங்கிவிடும். மூலப் பதிவைத் தொடாமல் வைத்துக்கொண்டு, கேட்பதற்கென்று ஒரு பிரதியில் மட்டும் சிறிதளவு குறைப்பது போதும். சொற்கட்டுகளைப் பிரித்து அறிய விரும்புபவர்கள் விஎல்சியிலேயே வேகத்தைக் குறைக்கலாம், சுருதி மாறாது. ஆயினும் பாதி வேகத்துக்குக் கீழே போனால் அடிகள் இழுபட்டுக் கலங்கும்.

இவ்வளவு கோப்புகளும் சேர்ந்த பின்னர் தேடுவதற்கு வொய்ட்டூல்ஸின் எவ்ரிதிங்கை வைத்திருக்கிறேன். விண்டோஸின் சொந்தத் தேடல் கோப்புறை கோப்புறையாக நுழைந்து நேரத்தை விழுங்க, இது வன்தட்டிலுள்ள பெயர் அட்டவணையை நேரடியாக வாசித்துவிடுவதால் எழுத்தை அடிக்க அடிக்க விடை வந்துகொண்டே இருக்கும். இங்கேயும் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. "கொழும்பு" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக ஒரு விதம், எகரக் கொம்பையும் அரவையும் தனித்தனியாக அடுத்தடுத்து இடுவது மற்றைய விதம். திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றாகவே தெரியும். விண்டோஸின் கோப்பு முறைமை இவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. ஒரே கோப்புறையில் இரண்டு "கொழும்பு" பக்கத்தில் பக்கத்தில் இருக்கவும் கூடும். பழைய மக் கணினிகள் பெயர்களைப் பிரித்தே சேமித்ததால், கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து தரும் வன்தட்டுகளில் இந்தப் பிரிந்த வடிவம் வந்துவிடுகிறது. கண்முன்னே இருக்கும் கோப்பு தேடலில் அகப்படாவிட்டால், அதன் பெயரை அழித்து உங்கள் விசைப்பலகையால் மறுபடி எழுதிப் பாருங்கள்.

சுருக்குவதற்கு 7-ஸிப் போதும். இகோர் பாவ்லொவ் 1999 முதல் இலவசமாகத் தரும் மென்பொருள் அது. ஸிப் முறையில் பெயர்களை யூடிஎஃப்-8இல் எழுதுவதற்கான குறி 2006இல்தான் சேர்க்கப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய கருவிகள் தமிழ்ப் பெயர்களைச் சிதைத்துவிடும். 7-ஸிப்பின் சொந்த முறையில் பெயர்கள் ஒருங்குறியிலேயே இருப்பதால் அந்தக் கவலை இல்லை. நாற்பது நாள் சோதனை என்று சொல்லிவிட்டு ஆண்டுக்கணக்காக இயங்கும் வின்ராரைக் கடைக்காரர் ஏற்றியிருந்தால், அதன் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2019இலும் 2023இலும் அதில் பாரதூரமான பாதுகாப்பு ஓட்டைகள் வெளிப்பட்டு அடைக்கப்பட்டன. ஆனால் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. கடையின் பென்ட்ரைவில் கிடந்த பழைய பிரதியை ஏற்றினால் ஓட்டையும் கூடவே வரும்.

திரையை அழகுபடுத்துவதில் எனக்குப் பெரிய நாட்டமில்லை. ரெயின்மீட்டர் மட்டும் விதிவிலக்கு. திரையின் ஓரத்தில் கிழமை, திகதி, நினைவகப் பயன்பாடு ஆகியவற்றைக் காட்டும் சிறு கட்டங்களை, ஒரு உரைக்கோப்பை மாற்றுவதன் மூலம் நாமே அமைத்துக்கொள்ளலாம். ஆங்கில மாதப் பெயருக்குப் பதிலாகத் தமிழ்ப் பெயரை இடச் சொல்லி ஒரு வரி எழுதினால், நாம் கதைக்கும் வழக்கப்படியே ஜனவரி தையாகவும் பெப்ரவரி மாசியாகவும் திரையில் வரும். பலர் இதைச் செய்து பார்த்து, திரையில் குப்பை எழுத்துகள் வந்ததைக் கண்டு கைவிட்டிருப்பார்கள். அந்தக் கோப்பை யூடிஎஃப்-16 எல்இ என்ற குறியாக்கத்தில் சேமித்தால்தான் ரெயின்மீட்டர் தமிழைச் சரியாகக் காட்டும். விண்டோஸின் நோட்பேட்டிலேயே, சேமிக்கும் சாளரத்தின் கீழ்ப்பகுதியில் அந்தத் தெரிவு இருக்கிறது. நொடி முள் இல்லாத கட்டத்தை நொடிக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியதில்லை. புதுப்பிக்கும் இடைவெளியை 1000இலிருந்து 60000 மில்லிசெக்கன்களாக்கினால் பழைய கணினியும் தாங்கும்.

கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் சுருக்கமானது: வேண்டாம். தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் வசதி விண்டோஸிலேயே உண்டு. விண்டோஸ் தன் அமைப்பு விபரங்களை வைத்திருக்கும் பதிவேட்டைத் துப்புரவு செய்யும் கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொவ்ற்றே சொல்கிறது. 2017இல் சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் யாரோ தீநிரலைப் புகுத்திவிட, அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியவர்களின் கணினிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. பாதிக்கப்பட்ட கணினிகள் சுமார் 22 இலட்சத்து 70 ஆயிரம். தேவையற்ற ஒன்றுக்காக இந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

மேலே சொன்னவற்றை இறக்கும்போது தேடுபொறியின் முதல் விளம்பரத்தை அழுத்தாமல், ஆக்கியோரின் சொந்தத் தளத்துக்கே செல்லுங்கள். இடைத்தரகுத் தளங்களின் பச்சைப் பொத்தான்கள் வேண்டாத நாலு சாமான்களைச் சேர்த்து ஏற்றிவிடும். பாமினிக் கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றுவது தனியான ஒரு வேலை. அதை வேறொரு பதிவில் எழுதுகிறேன். அதுவரை, கடைக்காரர் ஏற்றித் தந்த பாமினி எழுத்துருவை அழித்துவிடாதீர்கள்.