மகளின் முதல் மேடைக்கு முன் மூன்று ஆண்டுகள்

சென்ற டிசம்பர் விடுமுறையில் என் மகள் முதன்முறையாக மேடையில் ஆடினாள். பரதநாட்டியத்தின் தொடக்க உருப்படியான அலாரிப்பை எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஆடினார்கள், ஐந்து நிமிடம்கூட இல்லை. பள்ளியில் தொடக்கநிலை ஒன்றில் படிக்கும்போது நடன வகுப்பில் சேர்ந்தவள், அதற்குள் தொடக்கநிலை மூன்றை முடித்துவிட்டாள். பிள்ளையை இப்போதுதான் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் வகுப்புகளுக்குக் குறைவில்லை. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இலும், பாஸ்கர் ஆர்ட்ஸ் அகாடமி 1952இலும், அப்சரஸ் ஆர்ட்ஸ் 1977இலும் தொடங்கியவை. சமூக மன்றங்களிலும் வகுப்புகள் நடக்கின்றன. நாங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்ததையே தேர்ந்தெடுத்தோம். சனிக்கிழமை ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் ரயிலில் போய்வந்தால் ஏழு வயதுக் குழந்தை எத்தனை மாதம் தாங்கும்?

முதல் ஆண்டு முழுக்கத் தட்டடவு, நாட்டடவு என்ற அடிப்படைக் கால் பயிற்சிகள்தான். "எப்பம்மா பாட்டுக்கு ஆடுவோம்?" என்று வாராவாரம் கேட்பாள். முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டியில் இருந்தால் தொடை வலிக்கிறது என்று அழுததும் உண்டு. அந்த நேரத்தில் வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். தொடை பழக எங்கள் பிள்ளைக்கு ஆறேழு மாதமானது.

வீட்டில் பயிற்சி செய்வதுதான் பெரிய சிக்கல். அடுக்குமாடி வீட்டில் இரவு எட்டு மணிக்குத் தட்டினால் கீழ்வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்! அவர் ஒருநாள் மேலே வந்து, தன் வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகத் தன்மையாகச் சொல்லிப் போனார். அடுக்குமாடியின் கீழே திறந்திருக்கும் வெற்றுத்தளத்தில் ஆடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். சிமெண்டுத் தரையில் வெறுங்காலால் தட்டினால் முழங்காலுக்கு ஆகாது என்று தடுத்துவிட்டார். "தட்ட வேண்டாம், சொல்லட்டும்" என்றார். அதிலிருந்து தினமும் பத்து நிமிடம், அடவுக்குரிய தாளச் சொற்களான சொற்கட்டை வாயால் சொல்லிக் கையால் தாளம் போடுவாள். முதல் காலம், இரண்டாம் காலம், அப்புறம் மூன்றாம் காலம் என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவாள். காலால் தட்டுவது வகுப்பில் மட்டும்.

நான் செய்த தவறு ஒன்று. யூடியூப் பார்த்து அவள் கையைத் திருத்தினேன். அது வேறு பாணி. வகுப்பில் போய்க் குழம்பி நின்றாள். வீட்டில் நாம் நினைவூட்டலாம், திருத்துவதை ஆசிரியரிடம் விட்டுவிடுவது நல்லது.

நிகழ்ச்சிக்கு முன் ஒருமுறையாவது உடை, நகை, சலங்கை எல்லாம் அணிந்து முழுதாக ஆடச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு முன் அளவெடுத்துத் தைத்த உடை எங்களுக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. உள்ளே மடித்துத் தைத்திருந்த துணியைப் பிரித்துச் சரிசெய்தோம். ராக்குடியும் ஜடையும் கனமாக இருந்ததால் முதலில் கழுத்தையே அசைக்கவில்லை. அலாரிப்பு கண்ணிலும் கழுத்திலும் தொடங்குவது, அப்படி ஆட முடியுமா? மேடைக்குப் பின்னால் குளிர்சாதனம் பலமாக இருக்கும். முன்பக்கம் திறக்கும் மேல்சட்டை ஒன்று கொண்டுபோங்கள், தலைவழியாகப் போடுவது அலங்காரத்தைக் கலைத்துவிடும். உடை கட்டுவதற்கு முன் கழிவறைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

அன்று மேடையில், முழுதாகக் குந்தி உட்காரும் முழுமண்டியில் பக்கத்துப் பிள்ளை சற்று முன்னதாக எழுந்தாள். அவளைப் பார்த்து என் மகளும் எழுந்து, தவறென்று தெரிந்து அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு மூச்சே நின்றது. அப்போது அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், சொற்கட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்றுத் தொடங்கும் இடத்தில் சரியாக உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

இறங்கி வந்ததும், "நான் நின்னது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுதும்மா. திரும்ப நீயே சேர்ந்துக்கிட்டதும் தெரிஞ்சுது" என்றேன்.

ஜனவரியில் அடுத்த உருப்படியான ஜதிஸ்வரம் தொடங்கியிருக்கிறார்கள்.