பாத் ஆலய முகப்பில் யாக்கோபின் ஏணி

இங்கிலாந்தின் பாத் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரோமர்கள் கட்டிய வெந்நீர்க் குளத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். நான் போனது அதற்குப் பக்கத்தில் இருக்கும் பாத் அபே ஆலயத்துக்கு. அதன் மேற்கு முகப்பில், பெரிய ஜன்னலுக்கு இரு பக்கமும் இரண்டு கல் ஏணிகள் உயர்ந்து போகின்றன. ஏணி நெடுக தேவதூதர்கள். ஏறுகிறவர்களைச் செதுக்குவது சரி, இறங்குகிறவர்களை எப்படிக் காட்டுவது? சிற்பி சிலரைத் தலைகீழாகவே செதுக்கிவிட்டார்! பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

1499 வாக்கில் பிஷப் ஆலிவர் கிங் இந்த ஏணியைக் கனவில் கண்டாராம். ஒலிவமரம் மகுடத்தை நிலைநிறுத்தட்டும், ராஜா ஆலயத்தை எடுத்துக் கட்டட்டும் என்று ஒரு குரலும் கேட்டதாம். ஆலிவர் என்பதில் ஒலிவம் ஒலிக்கிறது, கிங் என்றால் ராஜா; அவருடைய பெயரே அப்படி அமைந்திருப்பதால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். வேலை முடியுமுன்பே, 1503-இல் அவர் இறந்துபோனார்.

மூலக் கனவு வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 28-இல் இருக்கிறது. அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தைத் தகப்பனை ஏமாற்றி வாங்கிக்கொண்ட யாக்கோபு, ஆரானுக்குத் தப்பி ஓடுகிறான். வழியில் பொழுது சாய்கிறது. ஒரு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். ஜெபித்தான் என்றோ மனம் வருந்தினான் என்றோ ஒரு வரிகூட அங்கே இல்லை. அவனுக்குத்தான் வானத்தைத் தொடும் ஏணி தெரிகிறது, கூடவே இருப்பேன் என்ற வாக்கும் கிடைக்கிறது.

எகிப்தில் உள்ள சீனாயின் புனித கத்தரீன் மடத்தில் 12-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று உண்டு. அதில் துறவிகள் 30 படி ஏணியில் ஏறுகிறார்கள், பிசாசுகள் சிலரைக் கீழே இழுத்துத் தள்ளுகின்றன. அதன் படத்தைப் பார்த்தாலே எனக்குப் படபடப்பு. பாத் ஏணியில் ஏறும் மனிதன் யாரும் இல்லை. யாக்கோபும் ஏறவில்லையே, தூங்கிக்கொண்டுதானே இருந்தான்!

யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இயேசு இந்தக் கனவைத் தம்மேல் ஏற்றிச் சொல்கிறார்: வானம் திறந்திருக்கும், தூதர்கள் மனுஷகுமாரன்மேல் ஏறி இறங்குவார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாத்தான்வேலும் ஒருவன். சற்றுமுன்தான் அவனைக் கபடற்ற இஸ்ரவேலன் என்று சொல்லியிருந்தார். கபடமே உருவான யாக்கோபுக்கும் கபடற்ற நாத்தான்வேலுக்கும் ஒரே ஏணி!

அதனால் அந்தச் சிற்பியோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. முகப்பின் உச்சியில், ஏணிகளுக்கெல்லாம் மேலே, கிறிஸ்துவை அரசராக உட்காரவைத்திருக்கிறார். யோவான் காட்டுகிற கிறிஸ்து அந்த ஏணியேதான். அதன் அடி, யாக்கோபு படுத்திருந்த தரையில் அல்லவா ஊன்றியிருந்தது?